மேட்டுச்செய் ஏன் சிவப்பு

மேலகரம்,
வைகாசி 20, புதன்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க இலஞ்சிக் குமரன் துணை நிற்கட்டும். இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதைத்தான் கீழே எழுதப்போகிறேன். என்னடா இது, தினமும் போனில் பேசுகிற அம்மா பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டாளே என்று நீ பயப்படுவாய். போனில் சொன்னால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். இத்தனை நாளும் அப்படித்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். கடிதத்தில் நீ நடுவில் பேச முடியாது, நானும் தப்பிக்க முடியாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்துவிட்டு உடனே கூப்பிடாதே, ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டுக் கூப்பிடு.

ஊர்ச் செய்தி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். உன் தம்பி பாண்டித்துரைக்கு ஜபல்பூரில் லீவு கிடைக்கவில்லையாம், ஆவணிக்குத்தான் வருவானாம். உன் அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது, போலீஸ் வேலையில் ரிட்டையர் ஆன பிறகும் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பெல்ட்டைத் தேடுகிற பழக்கம்தான் குறையவில்லை. மலையில் மூன்று நாளாக மேகம் இறங்கி நிற்கிறது, இன்னும் சாரல் விழவில்லை, காற்று மட்டும் அடிக்கிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டதா என்று வெளியூர்க்காரர்கள் உன் அப்பாவுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள். கால்வாயில் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையில் கார் நெல் சாகுபடிக்கு எல்லோரும் நாற்றுப் பாவியாகிவிட்டது. நம் நாற்று நன்றாக வந்திருக்கிறது. பக்கத்து வயல் சங்கரபாண்டியின் நாற்றும் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அதைப் பிடுங்கி நட அவனுக்கு வயல் இருக்குமா இருக்காதா என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். அதற்கு நான்தான் காரணம், தெரியாமல் நீயும் ஒரு காரணம் ஆகிவிட்டாய்.

நீ சித்திரையில் அனுப்பினாயே ஒரு படம், செயற்கைக்கோள் எடுத்த படத்தை வைத்து உங்கள் ஆபீசில் செய்தது, மண்ணில் சத்து இருக்கிற இடம் பச்சை, கெட்டுக்கொண்டு வருகிற இடம் மஞ்சள், அடியோடு போன இடம் சிவப்பு என்று. எத்தனையோ நாட்டு நிலத்தைப் பார்க்கிற பிள்ளை சொந்த ஊரையும் பார்த்திருக்கிறாளே என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நம் கீழச்செய் வயல் பச்சைப் பசேல் என்று இருந்தது. பக்கத்திலே சங்கரபாண்டி பார்க்கிற மேட்டுச்செய், முப்பது சென்ட்டும், மிளகாய்ப்பழச் சிவப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா, என் மகள் செய்தது பாருங்கள் என்று பாசன சங்கத்து வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டேன். ஓரத்தில் இங்கிலீஷில் நீ எழுதியிருந்த குறிப்பை நான் படிக்கவும் இல்லை, படிக்கத் தெரியவும் இல்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது என்பது பொய், என் வயல் பச்சை என்பதை நாலு பேர் பார்க்கவேண்டும் என்றுதான் போட்டேன்.

அந்தக் குரூப்பில் குற்றாலீஸ்வரன் இருப்பது என் நினைவில் இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரன் அவன்தான், சென்னையில் இருக்கிறான், அவன் அப்பா காலத்திலிருந்து மேட்டுச்செய்யையும் அதை அடுத்த இரண்டு வயலையும் சங்கரபாண்டி குடும்பம்தான் குத்தகைக்குப் பார்க்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவன் போன வாரம் படத்தைப் பார்த்துவிட்டான், உன் குறிப்பையும் படித்துவிட்டான். நீர்ப்பாய்ச்சலும் பராமரிப்பும் இல்லாமல் மண் கெட்ட நிலம் என்று நீ எழுதியிருந்தாயாம். அன்றைக்கே சங்கரபாண்டிக்குப் போன். வெளிநாட்டு ஆபீசே எழுதிக் கொடுத்துருக்கு, என் நிலத்தைப் பாழாக்கிட்டியேடே, வெள்ளிக்கிழமை வாரேன், மூணு வயலையும் விட்டுட்டு வேற சோலியப் பாரு என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கு அந்த மூன்று வயலை விட்டால் வேறு வேலை கிடையாது, வயது ஐம்பத்திரண்டு, அவன் மகள் உமாராணி இந்த வருஷம்தான் நர்சிங் சேர்ந்திருக்கிறாள்.

மறுநாள் இசக்கிசெல்வி வந்தாள். அவன் பெண்டாட்டி என்று சொன்னால் போதாது, இருபது வருஷமாக என்னோடு நடவுக்கும் களைக்கும் நிற்கிறவள், நீ பிளஸ் டூ படிக்கும்போது உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு வந்து உட்கார்ந்திருந்தவள். வந்தவள் அழவில்லை, அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, மதினி நம்ம வேலு கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனத் தட்டுனா பச்சையாயிருமாம்லா, உங்க வயலுக்குப் போட்ட பச்சையில கொஞ்சம் எங்களுக்கும் போடச் சொல்லுங்க, என்றாள். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்கவில்லை. நீ செய்யமாட்டாய் என்று தெரியும் என்பது ஒன்று. அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும் என்பது இன்னொன்று. ஏன் மதினி சிவப்பு காட்டுது என்று அவள் கேட்டதற்கு, மண்ணில் இருக்கிற கரி குறைந்துபோய்விட்டதாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நீ கரிமம் என்றோ என்னவோ சொல்லியிருந்தாய், என் காதில் விழுந்தது கரி.

பங்குனியில் நீ போனில் கேட்டது உனக்கு நினைவிருக்கும். அறுப்பு முடிந்து பயிர் இல்லாமல் கிடக்கும்போதுதான் மேலிருந்து மண்ணின் நிறம் தெரியும் அம்மா, எங்களிடம் பழைய வருஷத்துப் படம் எல்லாம் இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு முன்னால் பங்குனிக்கும் வைகாசிக்கும் நடுவில் அந்த ஒரு துண்டு மட்டும் திடீரென்று வெளுத்திருக்கிறது, மெதுவாகக் கெட்ட மண் இப்படித் தெரியாது, அங்கே என்ன நடந்தது என்று கேட்டாய். நான், எனக்கென்ன தெரியும், தண்ணீர் பாய்ச்சாமல் போட்டிருப்பான், கவனிப்பு பத்தாது என்றேன். வாய் கூசாமல் சொன்னேன் வேல்விழி. அந்தப் பொய்தான் உன் குறிப்பில் ஏறி, படத்தோடு ஊர் திரும்பி, இப்போது சங்கரபாண்டி கழுத்தில் நிற்கிறது. நீ தப்பாக ஒன்றும் எழுதவில்லை. பெற்றவள் சொன்னதை நம்பி எழுதினாய்.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் நீ பணம் அனுப்பி நாம் இந்த வீடு கட்டினோம். கட்டக் கட்ட ரோட்டுக்காரன் ரோட்டின் மேலேயே ரோடு போட்டு உயர்த்திவிட்டான், மனை பள்ளமாகிவிட்டது. மூன்று அடி மண் நிரப்பாவிட்டால் சாரலுக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று கொத்தனார் சொன்னார். வைகாசியில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது, நீங்கள் இரண்டு பேரும் டிக்கெட் போட்டாகிவிட்டது, அந்த நேரம் பார்த்துக் கிராவல் லாரிகள் ஸ்ட்ரைக். அப்போது யோசனை சொன்னவள் நான். உன் அப்பா இல்லை, நான். மேட்டுச்செய் பெயருக்கு ஏற்ற மாதிரி மேடு, கால்வாய்த் தண்ணீர் அதில் ஏறவே ஏறாது, சங்கரபாண்டி குடத்தில் கோரி ஊற்றாத குறைதான். ஒரு அடி மேட்டை வெட்டி எடுத்தால் அவனுக்குத் தண்ணீர் ஏறும், நமக்கு மண் கிடைக்கும், இரண்டு பேருக்கும் நல்லது என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோமாக்கா என்றான். மெட்ராசில் இருக்கிறவனுக்கு ஒரு அடி மண் தெரியவா போகிறது, கேட்டால் நாள் போகும் என்று நான்தான் அவன் வாயை அடைத்தேன். நூறு நடைக்கு மேல் டிராக்டர் ஓடியது. தண்ணீர் ஏறியது. முதல் வருஷம் சங்கரபாண்டி சந்தோஷத்தில் நமக்கு ஒரு கட்டுக் கரும்பு கொண்டுவந்து கொடுத்தான்.

ஆனால் அள்ளியது மேல்மண். எத்தனை வருஷத்து இலையும் சாணியும் ஆட்டுக்கிடையும் சேர்ந்து கறுத்துக் கிடந்த மண், எல்லாம் அந்த ஒரு அடியில்தான் இருந்திருக்கிறது. கீழே வெளுத்த சரள். தண்ணீர் ஏறியது, பயிர் ஏறவில்லை. மஞ்சளாக நின்றது, யூரியா போட்டான், மறுபடி மஞ்சள், மறுபடி யூரியா. நான் தினமும் வரப்பில் நடந்து பார்த்தவள்தான், வயலில் கைவைத்து வளர்ந்தவள்தான், எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன். நீ ஆயிரக்கணக்கான மைல் தாண்டி உட்கார்ந்துகொண்டு அந்த மண் எங்கே போனது என்று தேடினாயே, அது உன் வீட்டுக்கு அடியில் கிடக்கிறது. உன் சமையலறை அதன் மேல் நிற்கிறது, பின்வாசலில் நீ வைத்த மாங்கன்று அதில்தான் இப்படிக் கிளை விரித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை குற்றாலீஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். மனுஷர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். உனக்குத் தெரியும், சர்வீசில் இருந்தபோது பர்மிட் இல்லாமல் மண் அடித்த எத்தனையோ டிராக்டரை நிறுத்திச் சாவியைப் பிடுங்கியவர். அவரே அனுமதி வாங்காமல் நூறு நடை அடித்தார் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்குப் பயம். ஏட்டி, கேக்காத கேள்விக்கு எவனாவது பதில் சொல்லுவானா, சங்கரபாண்டியே வாயத் தொறக்கல, நீ எதுக்கு முந்திக்கிட்டு நிக்க, என்றார். அவன் திறக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை என்றேன். பிறகு இரண்டு நாளாக எங்களுக்குள் பேச்சு இல்லை, காபி வேண்டும் என்றால் டம்ளரை நங்கென்று வைக்கிறார்.

இன்று காலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அதனால்தான் இந்தக் கடிதமே. ஆறு மணிக்கு நாற்றங்கால் பார்க்கப் போனேன். மேட்டுச்செய்யில் சங்கரபாண்டி ஓலைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எதையோ வீசிக்கொண்டு நிற்கிறான், கை கறுப்பு, முகம் கறுப்பு, பல் மட்டும் வெள்ளை. என்னலே செய்யுத என்று கேட்டேன். கரி கம்மியாயிட்டுன்னு சொன்னீயளாம்லாக்கா, அரவை மில்லுல உமிக்கரி கிடந்துச்சு, ஆறு மூடை அள்ளிட்டு வந்தேன், வெள்ளிக்கிழமைக்கு முந்தி சேட்டிலைட்டு ஒரு தடவ இந்தப் பக்கம் வருமா, என்கிறான். சிரிப்பு வரவேண்டிய இடம், யார் சொல்லிக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பேன். நான் சொன்ன ஒரு அரைகுறை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் விடியலில் வயலுக்குக் கரி பூசிக்கொண்டிருக்கிறான். மேகம் போட்டிருந்தால் மேலிருந்து ஒன்றும் தெரியாது என்று நீ சொன்னதுகூட எனக்கு நினைவு வந்தது, அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. வரும்டே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இதையும் சேர்த்து எத்தனை பொய் என்று நீயே எண்ணிக்கொள். கை வலிக்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன். வெள்ளிக்கிழமை முடிந்தபிறகு மீதியை எழுதி மொத்தமாக அனுப்புகிறேன். நடுவில் அனுப்பினால் நீ போன் போட்டு என்னைத் தடுத்தாலும் தடுப்பாய், தைரியம் சொன்னாலும் சொல்லுவாய், இரண்டும் எனக்கு வேண்டாம்.

சனிக்கிழமை.

நேற்றுப் பத்து மணிக்குக் குற்றாலீஸ்வரன் கார் வந்தது. சங்கத் தலைவர் நாறும்பூநாதன் அண்ணாச்சியும் இன்னும் நாலைந்து பேரும் வயலுக்கே வந்துவிட்டார்கள். உன் அப்பா வரமாட்டேன் என்றவர், நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் பின்னாலேயே வந்தார், என்னைப் பிடித்து நிறுத்தத்தான் வருகிறார் என்று நினைத்தேன். குற்றாலீஸ்வரன் கீழச்செய் வரப்பில் நின்றுகொண்டு செல்லைத் தூக்கிக் காட்டி உன் குறிப்பைத் தமிழில் வாசித்தான், ஒவ்வொரு வார்த்தையும் என் வாயிலிருந்து போனது. வாசித்துவிட்டு, மண்ண என்னடே செஞ்ச என்று கேட்டான். சங்கரபாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் கைவாக்கு அப்படி மொதலாளி, வச்சது வெளங்கல என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை, கண்ணால்கூடக் கேட்கவில்லை. இசக்கிசெல்வி மட்டும் என்னைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் பச்சை ஆகிவிட்டதா என்று கேட்கிற பார்வை.

நான் வரப்பிலிருந்து மேட்டுச்செய்க்குள் இறங்கினேன். வயலில் இறங்குவது புதுசா, ஆனால் நேற்று ஒரு கையை வரப்பில் ஊன்றித்தான் இறங்க முடிந்தது. குற்றாலீஸ்வரன், பாத்து எறங்குங்கக்கா என்று சொன்னவன் அப்படியே நிறுத்திவிட்டான். எறங்குதீயளா, என்றான். மேட்டுச்செய்யில ஏறத்தான செய்யணும், சின்னப்பிள்ளையில இதுல ஏறி நின்னாத்தான் எனக்கு இலஞ்சிக் கோயில் தெரியும், என்றான். பேர் மட்டும்தான் தம்பி இப்போ மேட்டுச்செய் என்றேன். அவன் வரப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்த மேட்டை நாங்கதான் வெட்டி எடுத்தோம், எங்க வீட்டு மனைக்குப் போட்டிருக்கோம், உங்ககிட்டக் கேட்கணும்னு இவன் சொன்னான், வேண்டாம்னு நான்தான் சொன்னேன், பராமரிப்பு இல்லைன்னு எம்மக எழுதுனதும் நான் அவகிட்டச் சொன்ன பொய், இவன் கையில ஒரு குறையும் இல்லை, என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நடுவில் நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

குற்றாலீஸ்வரன் சத்தம் போட்டான், போட்டான் என்றால் அப்படி ஒரு சத்தம். தாசில்தார் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமாக்கா என்று என்னைக் கேட்டான். பதில் பின்னால் இருந்து வந்தது. தெரியும் தம்பி, எத்தனையோ பேருக்கு நானே எழுதிருக்கேன், டிராக்டர் கூப்பிட்டது நான், எழுதுனா என் பேரையும் சேத்து எழுதுங்க, என்றார் உன் அப்பா. நாலு நாளாக என்னோடு பேசாத மனுஷர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நேராக நின்றார். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவரோடு நான் போடாத சண்டை இல்லை, நேற்று அந்த இடத்தில் அவர் காலைத் தொட்டிருப்பேன், ஊர் பார்க்கிறதே என்று விட்டேன்.

நாறும்பூநாதன் அண்ணாச்சி ஆளுக்குக் கொஞ்சம் தணித்துவிட்டார். கடைசியில் குற்றாலீஸ்வரன் சொன்னது இது. இந்தக் காரு சாகுபடி சங்கரபாண்டி பாக்கட்டும். என் மண்ணு எனக்கு வந்தாகணும். தை மாசம் வந்து பாப்பேன், பெறவுதான் மத்த பேச்சு. எழுதிக் கொடுப்பேன் என்றும் சொல்லவில்லை, கொடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. போகும்போது காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வீட்டப் பேத்துத் தருவீயளாக்கா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். நக்கலாகத்தான் கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி நக்கலாகப் படவில்லை.

சங்கரபாண்டி என்னோடு பேசவில்லை. நீ காப்பாற்றிவிட்டாய் என்று காலில் விழுவான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, ஆனால் ஒரு வார்த்தை கோபமாகவாவது பேசியிருக்கலாம். பேசியது இசக்கிசெல்விதான். மூணு வருசமா பயிர் விளங்கலன்னு நான் அவுகளத்தான் ஏசுனேன் மதினி, கைவாக்கு இல்லாத கையின்னு எத்தன தடவ சொல்லிருப்பேன், நீங்க பக்கத்து வரப்புலதான நின்னீய, என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குற்றாலீஸ்வரன் போட்ட சத்தம் எல்லாம் நேற்றே காதை விட்டுப் போய்விட்டது, இது போகவில்லை. எழுதும்போதும் கேட்கிறது.

இப்போது உன்னிடம் கேட்கவேண்டியது. கேட்கிறேன் என்று எழுதுகிறேனே தவிர, வேலை தொடங்கிவிட்டது. வீட்டைப் பெயர்க்க முடியாது. ஆனால் பின்வாசலில் நாலு சென்ட் சும்மா கிடக்கிறது, அதிலும் மூன்று அடி அந்த மண்தான். நீங்கள் வந்து தங்க அங்கே இரண்டு அறை போடவேண்டும் என்று ஆசையாகப் படம் வரைந்து அனுப்பியிருந்தாய், அதைப் பீரோவில் வைத்திருக்கிறேன். இன்று காலையில் உன் அப்பா முதல் மண்வெட்டி போட்டார், இந்தத் தடவை அனுமதிக்கு எழுதிக் கொடுத்து, சீட்டு கையில் வாங்கிக்கொண்டுதான் டிராக்டரில் ஏற்றுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அதுவரைக்கும் வெட்டிக் குவித்து வைக்கிறோம். உன் மாமரத்தைத் தொடவில்லை, அதைச் சுற்றி ஒரு வண்டிச் சக்கரம் அளவுக்கு மண்ணை விட்டிருக்கிறோம், தீவில் நிற்கிற மாதிரி நிற்கிறது. எடுத்ததில் பாதிகூட இதில் தேறாது, மீதிக்குக் குளத்துக் கரம்பை மண் அடிக்க எழுதிக் கொடுக்கவேண்டும், கார் நெல் அறுத்ததும் தழைச்சத்துக்குக் கொழிஞ்சி விதைத்து மடக்கி உழவேண்டும், நம் செலவில் ஆட்டுக்கிடை போடவேண்டும். மண்ணைத் திருப்பிக் கொட்டிவிட்டால் உடனே பச்சை ஆகிவிடாது, போன சத்து திரும்ப வருஷக்கணக்கு ஆகும் என்று நீ சொல்லுவாய். தெரியும். அள்ளுவதற்கு ஒன்பது நாள்தான் ஆனது.

சாரல் விழுந்தால் பின்வாசலில் தண்ணீர் கட்டும், தவளை கத்தும், நீ லீவுக்கு வந்தால் செருப்பு எல்லாம் சேறாகும். என்னிடம் கோபப்படு, அப்பாவிடம் கோபப்படாதே. உன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டின் கீழே இன்னொருத்தன் பிழைப்பைப் போட்டு மூடி, அதில் நின்று பால் காய்ச்சி உனக்குத் திருநீறு பூசினேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று உன் அப்பா இதைப் படித்தால் சொல்லுவார், அவருக்குப் படிக்கக் கொடுக்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ரொட்டியைத் தின்று படுக்காதே, கொஞ்சம் ரசம் வைத்துக்கொள். மாப்பிள்ளையிடம் இதை நீயே பக்குவமாகச் சொல்லு. நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக, நிம்மதியாக, யார் முகத்தையும் நேராகப் பார்க்கிற மாதிரி வாழவேண்டும், அதுதான் இன்றைக்கு எனக்கு வருகிற ஆசீர்வாதம்.

மறக்காமல் ஒன்று செய். அந்தச் சிவப்பை மாற்றாதே, அது சரியாகத்தான் காட்டுகிறது. குறிப்பை மட்டும் மாற்று. பராமரிப்பு இல்லை என்ற வரியை அடித்துவிட்டு, மேல்மண் அள்ளப்பட்டது, அள்ளியது ஆவுடைத்தாய் என்று எழுது. சாரல் ஓய்ந்து மேகம் விலகியபிறகு உங்கள் செயற்கைக்கோள் மறுபடி இந்தப் பக்கம் வரும். அப்போது நம் வீட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி நிறம் மாறித் தெரியும். அங்கன என்னம்மா நடந்துச்சு என்று கேள். இந்தத் தடவை சொல்லுகிறேன்.

உன் அம்மா,
ஆவுடைத்தாய்